அமரர் செங்கோடன் நினைவு அகத்தி

“டீச்சர், எங்கய்யன வெட்டிப்போடாதீங்க!”

கையில் கொடுவாளோடு நின்றுகொண்டிருந்தேன். எதிரில், சேற்றில் செருப்புப் புதைய, இரண்டு கைகளையும் அகல விரித்து மரத்தை மறைத்துக்கொண்டு நின்றார் ரிக் குமரேசன். எங்கள் பக்கத்தில் அப்பாவை ஐயன் என்பார்கள். அவருடைய ஐயன் செங்கோடன் காலமாகி அப்போது ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. நான் வெட்டப் போனது ஓர் அகத்தி மரத்தை.

மரத்தின் இடுப்பில் தகரப் பலகை ஒன்று தொங்கியது. பச்சைப் பெயிண்டில் மஞ்சள் எழுத்து. ‘அமரர் செங்கோடன் நினைவாக. உபயம்: குமரேசன் குடும்பத்தார்.’

ஐப்பசி மாதத்துக் காலை. இரவெல்லாம் பெய்து ஓய்ந்த மழை இலைகளிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. தையல் வகுப்புக்கு வந்த பெண்கள் மெஷினை விட்டுவிட்டு ஜன்னலில் அடைந்திருந்தார்கள். அதில் ஒருத்தி போனில் படம் எடுத்துவிட்டாள். நான் கொடுவாளோடு நிற்கிறேன், ஒரு மனிதர் கைகளை விரித்துக் கதறுகிறார். அந்தப் படம் அன்று மதியத்துக்குள் ஊர் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய், அங்கிருந்து நாமக்கல்லில் லாரி உதிரிபாகக் கடை வைத்திருக்கும் என் வீட்டுக்காரருக்கும் போய்ச் சேர்ந்தது.

“யாரு அது, உயிரோட இருக்காரா?” என்று போன் செய்து கேட்டார்.

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்பது இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். தையல் மெஷின் விவகாரத்தைப் போன வாரம் படித்துவிட்டு, “அம்மா, நீங்கள் கொஞ்சம் பொறுமையாக இருந்திருக்கலாம்” என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். இந்த வாரமும் அப்படித்தான் எழுதப் போகிறார்கள். ஆனால் இந்த விஷயத்தில் முதல் தப்பு என் கோபம் அல்ல. என் உற்சாகம்.

ஐந்து நாள் பயிற்சி

எங்கள் ஊர் ஜேடர்பாளையம் போகும் வழியில் இருக்கிறது. வாய்க்கால் தண்ணீர் ஊரின் கீழ்ப்பக்கத்தோடு போய்விடும். மேட்டுப் பக்கத்தில்தான் எங்கள் சமுதாயக் கற்றல் மையம். காலையில் தையல், மதியம் கம்ப்யூட்டர், பொழுது சாய்ந்ததும் பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு. எல்லாவற்றுக்கும் பொறுப்பாளர் நான்தான். கழிப்பறைக் குழாய்க்கும்.

மையத்தின் பின்னால் அரை ஏக்கர் நிலம் சும்மா கிடந்தது. சரளை மண். ஒரே ஒரு வேப்பமரம், மற்றபடி பார்த்தீனியம். மழை பெய்தால் மண்ணெல்லாம் கரைந்து, எங்கள் வாசல் வழியாக ஓடி ரோட்டில் போய்ச் சேரும். வெயில் காலத்தில் அங்கே செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது.

அப்போதுதான் ஏற்காடு அடிவாரத்தில் ஒரு பண்ணையில் ஐந்து நாள் பயிற்சிக்குப் போய்வந்தேன். பெர்மாகல்ச்சர் என்று பெயர். நிலைத்த வேளாண்மை என்று தமிழில் சொல்கிறார்கள். ஐந்து நாள் பயிற்சிக்குப் போய்வந்தவர்களைப் போல ஆபத்தானவர்கள் உலகத்தில் கிடையாது. ஆறு நாள் போயிருந்தால்கூடக் கொஞ்சம் சந்தேகம் வந்திருக்கும்.

பயிற்சி கொடுத்த தம்பி கைத்தறிச் சட்டை போட்டுக்கொண்டு அழகாகச் சொன்னார். மண்ணை வெறுமையாக விடாதீர்கள், சருகால் மூடுங்கள். மழைத் தண்ணீரை ஓட விடாதீர்கள், சரிவுக்குக் குறுக்கே வளைவாகக் குழி எடுத்து நிறுத்துங்கள். பழச்செடி வைத்தால் பக்கத்திலேயே அகத்தி, கிளைரிசிடியா மாதிரி வேகமாக வளரும் துணைச்செடிகளை வையுங்கள். அவை கோடையில் நிழல் கொடுக்கும். மழை தொடங்கியதும் அவற்றை வெட்டிப் பழச்செடியின் காலடியிலேயே போட்டுவிடுங்கள், உரமாகிவிடும்.

அதாவது, அந்தத் துணைச்செடிகளை வளர்ப்பதே வெட்டுவதற்குத்தான். இதை நான் நோட்டில் எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தேன். பிறகு நோட்டை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

குப்பைக்குக் காவல்

முதலில் குழி எடுத்தோம். வளைவாக எடுத்ததும், “டீச்சர், ஆளுகளுக்கு நேராத் தோண்டத் தெரியலீங்களா?” என்று வழியில் போனவர்கள் எல்லாம் கேட்டார்கள். ஒருவர் வண்டியை நிறுத்தி இறங்கி, கயிறு பிடித்துக் கொடுக்கிறேன் என்று நின்றார்.

அடுத்தது சருகு. ‘உங்கள் வீட்டில் உதிரும் இலைகளை மையத்துக்குக் கொடுங்கள்’ என்று பலகையில் எழுதி வைத்தேன். மூன்று நாட்களில் மையத்தின் பின்னால் இரண்டு பழைய மெத்தை, ஒரு கால் போன நாற்காலி, உடைந்த சிங்க் ஒன்று வந்து சேர்ந்தன. இலையும் வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

கஷ்டப்பட்டு எல்லாவற்றையும் பிரித்து, இலையை மட்டும் மண்மேல் அரையடி உயரத்துக்குப் பரப்பினோம். மறுநாள் காலையில் வந்தால் தரை கண்ணாடி மாதிரி இருந்தது. ஓர் ஓரத்தில் சாம்பல். எங்கள் எழுத்து வகுப்புப் பெண்கள் நான்கு பேர் விடியற்காலையில் வந்து கூட்டிப் பெருக்கி, தீ வைத்து, சாணம் தெளித்துவிட்டுப் போயிருந்தார்கள். மையம் குப்பையாகக் கிடப்பது அவர்களுக்குப் பொறுக்கவில்லை.

“பள்ளிக்கூடத்துல இப்படிக் கெடந்தா வர்றவிங்க என்னங்க நெனப்பாங்க?” என்று என்னையே கேட்டார்கள்.

இரண்டாவது முறை பரப்பியபோது குப்பைக்குக் காவல் போட்டோம். மைய வாட்ச்மேன் தன் வாழ்க்கையில் திருடனைப் பிடித்ததில்லை. துடைப்பத்தோடு வந்த பெண்களைப் பிடித்தார்.

“பேரு போடலாங்களா?”

செடிகள் வேண்டும். ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று ஒரு மணி நேரம் பேசினேன். மண் என்றேன், மழை என்றேன். கேட்டவர்கள் தலையாட்டினார்கள், ஒருவர் தூங்கினார். ஆளுக்கு ஒரு செடி வாங்கிக் கொடுங்கள் என்றேன். எல்லோரும் தூங்கினவரைப் பார்த்தார்கள்.

அப்போது கடைசி வரிசையிலிருந்து குமரேசன் கை தூக்கினார். நாற்பத்தைந்து வயது. சொந்தமாக ஒரு ரிக் வண்டி, ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற லாரி. திருச்செங்கோட்டுப் பக்கத்து ரிக்காரர்கள் எல்லோரையும் போல வருடத்தில் பாதி நாள் வடக்கே எங்காவது ஊர் ஊராகப் போர் போட்டுக்கொண்டிருப்பார்.

“ஏனுங்க டீச்சர், செடியில பேரு போடலாங்களா?”

எங்கள் மையத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் இந்தக் கேள்வி புரியும். அங்கே உபயம் இல்லாத பொருள் கிடையாது. தையல் அறை டியூப்லைட்டின் முழு நீளத்துக்கும் ஒரு குடும்பத்தின் பெயர் எழுதியிருக்கும், எழுத்துகளின் சந்து வழியாகத்தான் வெளிச்சம் வரும். தண்ணீர் டிரம்மில் மூன்று தலைமுறை. சுவர்க் கடிகாரத்தின் கீழ்ப்பாதியில் ஒரு தாத்தாவின் போட்டோ ஒட்டியிருப்பதால் ஆறு மணியை எங்கள் மையத்தில் யாரும் பார்த்ததில்லை. அவர் மீசையை முள் தொட்டால் ஆறு என்று நாங்களாகப் புரிந்துகொள்வோம்.

“தாராளமாப் போடலாம்” என்றேன்.

நான் செய்த தப்பு இதுதான். அந்த ஒரு வார்த்தைக்குக் கூட்டம் மொத்தமும் எழுந்து வந்துவிட்டது. தூங்கினவர்தான் முதலில் வந்தார்.

என் திட்டப்படி எல்லோருக்கும் மா, பலா, கொய்யா, நெல்லி என்று பிரித்துக் கொடுத்திருக்க வேண்டும். ஆனால் யாரும் மாவை வாங்கவில்லை. “காய்க்க அஞ்சு வருசங்களா? எங்கய்யன் பேரு அதுவரைக்கும் குட்டையா நிக்கோணுங்களா?” என்று கேட்டார்கள். சீக்கிரம் வளர்வது எது, உயரமாகப் போவது எது, ரோட்டிலிருந்து பார்த்தால் தெரிவது எது? அகத்தி. கிளைரிசிடியா. முருங்கை. வெட்டுவதற்கென்றே வைத்த செடிகள் அத்தனையிலும், ஊரில் இறந்துபோன பெரியவர்கள் அத்தனை பேரும் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள்.

குமரேசன்தான் முதல் அகத்தியை வாங்கினார். வாங்கிய கையோடு, நடும் குழியைத் தானே தோண்டுவேன் என்றார். காரணம் ஊருக்கே தெரியும். செங்கோடன் இறந்த அன்று குமரேசனின் வண்டி சத்தீஸ்கரில் ஏதோ காட்டுக்குள், போன் கிடைக்காத இடத்தில் நின்றுகொண்டிருந்தது. மகன் வருவான் என்று ஃப்ரீசர் பெட்டியில் ஒரு நாள் வைத்துப் பார்த்தார்கள். பிறகு செங்கோடனின் தம்பி மகன் கொள்ளி வைத்தான். எல்லாம் முடிந்து மூன்றாம் நாள், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு குமரேசன் வந்து இறங்கினார். ஐயனுக்கென்று அவர் தன் கையால் செய்த ஒரே காரியம் அந்த அகத்தியை நட்டதுதான்.

எங்கள் தோட்டத்து அமரர்கள்

மாசியில் நட்டோம். கோடை மழை இரண்டு வந்தது, குழிகள் நிறைந்தன. நம்பவே மாட்டீர்கள், ஆறே மாதத்தில் அமரர்கள் எல்லோரும் ஆள் உயரத்தைத் தாண்டிவிட்டார்கள்.

பேச்சும் மாறிவிட்டது. மையத்தில் காலையில் இப்படித்தான் பேசிக்கொள்வோம்.

“பெரியண்ணனுக்குத் தண்ணி ஊத்தியாச்சா?”

“ஊத்தியாச்சுங்க. ஆனா கருப்பாயம்மாள நேத்து ஆடு மேஞ்சிருச்சு.”

“முழுசாவா?”

“இடுப்பு வரைக்குமுங்க.”

ஒரு நாள் பக்கத்து ஊரிலிருந்து புதிதாகத் தையல் சேர வந்த பெண், வாசலில் நின்று இதைக் கேட்டுவிட்டு அப்படியே திரும்பிப் போய்விட்டாள். சொல்லி அனுப்பி, கூட்டி வந்து, விளக்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

உபயதாரர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு பார்க்க வருவார்கள். “பக்கத்து மரம் எச்சா வளந்துருக்குது, அதுக்கு மட்டும் தனியா உரம் போடறீங்களா?” என்று சண்டை. “எங்க மாமியா ஏனுங்க எங்க ஊட்டுப் பக்கமே சாயறாங்க?” என்று ஒருவர் கவலைப்பட்டார். கம்பளிப்பூச்சி விழுந்த முருங்கைக்கு ஒரு குடும்பம் பரிகாரம் செய்தது. செங்கோடன் அகத்திக்குக் குமரேசன் அமாவாசைதோறும் வடை படைத்தார். வடையை அணில் தின்றது. ஐயன் வந்து சாப்பிட்டுப் போனதாகவே அவர் வைத்துக்கொண்டார், நானும் மறுக்கவில்லை.

நடுவில் பயிற்சியாளர் தம்பி போன் செய்தார்.

“மழை ஆரம்பிச்சிருச்சே மேடம், துணைச்செடிகளை வெட்டியாச்சா?”

“இல்லைங்க தம்பி, வெட்ட முடியாது.”

“ஏன் மேடம்?”

“அவங்கல்லாம் செத்துட்டாங்க.”

“செடியா?”

“செடி நல்லா இருக்கு. அவங்கதான் செத்துட்டாங்க.”

சிக்னல் சரியில்லை, பிறகு கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டார். பிறகு கூப்பிடவில்லை.

ராமாயியின் எலுமிச்சை

இத்தனை அமரர்களுக்கு நடுவில் உயிரோடு இருப்பவர் பெயரில் ஒரே ஒரு செடி இருந்தது. ராமாயியின் எலுமிச்சை.

ராமாயிக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். எழுத்து வகுப்பில் முன் வரிசை. களை எடுப்பது, நடவு, அறுப்பு என்று வாழ்க்கை முழுவதும் அடுத்தவர் காட்டில்தான் வேலை. சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது, வீடும் புறம்போக்கில். பால் பாக்கெட்டில் விதை போட்டுத் தானே முளைக்க வைத்த எலுமிச்சையைக் கொண்டுவந்தாள். பலகையில் தன் பெயரைத் தானே எழுதினாள். முதல் எழுத்தைப் பெரிதாக எழுதிவிட்டதால் கடைசி எழுத்துக்கு இடம் பத்தாமல் ஓரத்தில் ஒண்டிக்கொண்டது.

“உசுரோட இருக்கறவ பேரப் போடறது ஆகாது ராமாயி” என்றார்கள்.

“செத்தவிங்க பேரப் போட்டா அவிங்க வந்து தண்ணி ஊத்துவாங்களாக்கும்?” என்றாள்.

தினமும் வகுப்புக்கு வரும்போது அந்தச் செடியின் முன்னால் கொஞ்ச நேரம் குந்தி உட்கார்ந்திருப்பாள். “என்ற செடி” என்பாள். முப்பது நாற்பது வருடம் செடிகளோடு புழங்கிய பெண், அந்த இரண்டு வார்த்தைகளை முதன்முதலாகச் சொல்கிறாள் என்பது எனக்குத் தெரியும். 

அந்த எலுமிச்சை நின்ற இடம், செங்கோடன் அகத்திக்கு நேர் கிழக்கே, மூன்றடி தள்ளி.

கோடையில் அந்த நிழல்தான் செடியைக் காப்பாற்றியது. ஆனால் புரட்டாசிக்கு மேல் வானம் மூடிக்கொண்டது. அகத்தி கூரையைத் தாண்டிக் குடை மாதிரி விரிந்துவிட்டது. அடியில் எலுமிச்சைக்கு வெளிச்சமே இல்லை. இலை வெளுத்து மஞ்சளாகி, ஒவ்வொன்றாக உதிர ஆரம்பித்தது. ஐப்பசியில் எண்ணிப் பார்த்தேன், பதினொரு இலைதான் மிச்சம்.

“ராமாயி, அகத்திய வெட்டினாத்தான் இது பொழைக்கும்” என்றேன்.

“இருக்கட்டுங்க டீச்சர். பெரிய மனுசரு நெழலு. அதப் போயி வெட்டச் சொல்ல முடியுங்களா?” என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அவள் செங்கோடனின் காட்டில் முப்பது வருடம் கூலி வேலை பார்த்தவள். அவள் கேட்கமாட்டாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் எனக்குக் கோபம் வந்தது. மறுநாள் காலையில் வாட்ச்மேனிடமிருந்து கொடுவாளை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போனேன்.

ஆளுக்கொரு மரத்தடியில்

இனி நீங்கள் முதலில் பார்த்த காட்சிக்கு வருகிறேன்.

“தம்பி, இது வெட்டறதுக்குன்னு வெச்ச மரம்” என்றேன்.

“தெரியாதுங்களே டீச்சர். தெரிஞ்சிருந்தா எங்கய்யனுக்கு மாமரமே வெச்சிருப்பனே.”

“நீங்கதான் அன்னிக்கு உயரமா வேணும்னீங்க.”

“அந்த எலுமிச்சைதான பிரச்சன? நர்சரியில பத்து எலுமிச்ச வாங்கித் தாரனுங்க. ஒட்டுக்கட்டுன செடியாவே வாங்கித் தாரன்.”

“பத்து செடி வந்தாலும் ராமாயி செடி ஆகுமா?”

“அப்ப ஒரு போர் போட்டுத் தந்தர்றனுங்க. காசே வேண்டாம். ஆயிரம் அடி!”

குமரேசனுக்குத் தெரிந்த ஆறுதல் அது ஒன்றுதான். யாராவது அழுதாலும் போர் போட்டுத் தருகிறேன் என்பார்.

அதற்குள் செய்தி பரவிவிட்டது. டீச்சர் அமரர்களை வெட்டுகிறார் என்று கேள்விப்பட்டு, உபயதாரர்கள் குடையும் கோணிப்பையுமாக ஓடிவந்தார்கள். வந்தவர்கள் ஆளுக்கொரு மரத்தடியில் காவலுக்கு நின்றுகொண்டார்கள். அரை ஏக்கரில் முப்பது பேர், ஒவ்வொருவரும் ஒரு செடியைப் பிடித்துக்கொண்டு, தூறலில் நனைந்தபடி. நான் நடுவில் கொடுவாளோடு. ஒருவர் மட்டும் மெதுவாக என் பக்கத்தில் வந்து, “ஏனுங்க டீச்சர், எங்க மாமியார வேணும்னா வெட்டிக்குங்க” என்றார். அவர் சம்சாரம் பின்னால் நின்றது அவருக்குத் தெரியாது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ராமாயி வந்தாள். களை எடுக்கும் இடத்திலிருந்து நேராக வந்திருந்தாள், முழங்கால் வரை சேறு.

“என்னங்க டீச்சர், சாவு ஊட்டுல மாதிரி கூட்டம்?”

சொன்னேன். கேட்டுவிட்டு, தலையை அண்ணாந்து அகத்தியை உச்சி வரைக்கும் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். அடக்க முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். குமரேசனின் முகம் சிவந்துவிட்டது.

“சாமி, கோவிச்சுக்காதீங்க. உங்கய்யனோட கொடிக்கால்ல எத்தன வருசம் இருந்தவ நானு. கொடிக்கால்ல வெத்தலக் கொடி எதுல ஏறுமுங்க?”

குமரேசன் மரத்தைத் திரும்பிப் பார்த்தார். அவருக்குத் தெரியும், ஊரில் எல்லோருக்கும் தெரியும். வெற்றிலைத் தோட்டத்தில் கொடி ஏறுவது அகத்தியில்தான். எங்களில் ஒருவருக்கும் அது ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான். செங்கோடனின் கொடிக்கால் போய்ப் பல வருடம் ஆகிறது. குமரேசன் பதினெட்டு வயதில் ரிக் வண்டி ஏறியவர்.

“அகத்தி இப்படி மண்டையடச்சு நின்னா உங்கய்யனுக்கு ஆகவே ஆகாது. நாப்பது நாளைக்கு ஒருக்கா மொட்டையடிக்கோணும். நாங்க ஒரு நாளு தள்ளிப்போட்டாப் போதும், வரப்புல நின்னுக்கிட்டு வைவாரு. இப்ப இதுல அவரு பேரையும் மாட்டி, கூரைக்கு மேல வளத்தி வெச்சிருக்கறீங்க. அவரு பாத்தா டீச்சர வைய மாட்டாரு சாமி. உங்களத்தான் வைவாரு!”

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். குமரேசன் சிரிக்கவில்லை. விரித்திருந்த கைகளைக் கீழே போட்டார்.

“என்னன்னு வைவாரு?” என்று கேட்டார்.

“அதையெல்லாம் சொல்லோணுங்களா?”

“சொல்லு ராமாயி. என்னன்னு வைவாரு?”

ராமாயி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். ஒரு காலை முன்னால் வைத்து, கையைப் பின்னால் கட்டி, தொண்டையை இரண்டு முறை செருமினாள். அந்தச் செருமலைக் கேட்டதும் ஊர்க்காரர்கள் சட்டென்று நிமிர்ந்து நின்றார்கள்.

“அட கூறுகெட்டவளே! கொடிக்கு நெழலு வேணும், இருட்டு வேணாம்! கண்ணத் தொறந்து மேல பாரு, வானம் தெரியுதா? தெரியலியில்ல? அப்பறம் என்ன மயித்துக்கு நிக்கற, ஏறு!”

அப்படியே செங்கோடன். குரலின் கரகரப்பும், கடைசி வார்த்தையில் ஏறும் அந்த அதட்டலும். நான்கூட ஓர் அடி பின்னால் நகர்ந்துவிட்டேன்.

குமரேசன் முதலில் சிரித்தார். அந்தச் சிரிப்பு நடுவிலேயே உடைந்து, சின்னப் பையனைப் போல அழுதார். அத்தனை பேர் முன்னாலும், சேற்றில் நின்றபடி, முகத்தைக்கூட மூடிக்கொள்ளாமல் அழுதார்.  மாமியாரை வெட்டச் சொன்னவர் தன் குடையைக் கொண்டுபோய் அவருக்குப் பிடித்தார்.

கொஞ்ச நேரம் கழித்துக் குமரேசன் என்னிடம் கை நீட்டினார். கொடுவாளைக் கொடுத்தேன்.

வெட்டத் தெரியவில்லை. முதல் வெட்டில் பட்டை கிழிந்து தொங்கியது.

“சாய்ச்சுப் போடுங்க சாமி. வெட்டுன எடத்துல தண்ணி நிக்கப்படாது” என்றாள் ராமாயி.

“எப்படிக்கா?”

அந்த வீட்டு ஆட்கள் யாரும் ராமாயியை அக்கா என்று கூப்பிட்டு நான் அதுவரை கேட்டதில்லை. அவளும் கேட்டிருக்க மாட்டாள், ஒரு நொடி அப்படியே நின்றாள். பிறகு கையால் காற்றில் வெட்டிக் காட்டினாள்.

தோள் மட்டத்துக்கு வெட்டி இறக்கினார். தலைக்கு மேலே ஒரு துண்டு வானம் திறந்தது. இலைக்கொத்துகளை வாரி எடுத்து, எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றவரிடம் எலுமிச்சையின் காலடியைக் காட்டினேன். குனிந்து, சுற்றிலும் பரப்பி வைத்தார்.

மற்றவர்களும் தத்தம் மரங்களை வெட்ட ஆரம்பித்தார்கள். அந்த மாமியார்தான் முதலில் இறங்கினார். மருமகன் வேலை படுசுத்தம்.

எட்டு நிமிடம்

எலுமிச்சை பிழைத்துக்கொண்டது. கார்த்திகைக்குள் பட்டாணி அளவில் துளிர் விட்டது. ராமாயி தினமும் இலைகளை எண்ணி எனக்குக் கணக்குச் சொன்னாள். நாற்பதுக்கு மேல் எண்ணத் தெரியாததால் பிறகு என்னையே எண்ணச் சொன்னாள்.

குமரேசன் வண்டியோடு மறுபடியும் வடக்கே கிளம்பினார். போவதற்கு முன் மையத்துக்கு வந்தார்.

“அடுத்து எப்பங்க டீச்சர் வெட்டோணும்?”

“நாப்பது அம்பது நாள்ல தழைஞ்சிரும். வாட்ச்மேன் பாத்துக்குவாரு, நீங்க போயிட்டு வாங்க.”

“இல்லீங்க. எனக்கொரு போன் போடுங்க.”

சரி என்றேன். சும்மா சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். மார்கழியில் அகத்தி மறுபடியும் புஸுபுஸுவென்று வளர்ந்துவிட்டது. விளையாட்டாகத்தான் போன் செய்தேன். “தம்பி, உங்கய்யனுக்கு முடி வளந்துருச்சு” என்றேன். அந்தப் பக்கம் கம்ப்ரசர் சத்தம். “சரிங்க” என்று வைத்துவிட்டார்.

நான்காம் நாள் காலையில் நான் கேட்டைத் திறக்கும்போது படியில் உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் புழுதி, தோளில் பை. இரண்டு ரயில், மூன்று பேருந்து மாறி வந்திருக்கிறார். புதிதாக ஒரு கொடுவாள் வேறு வாங்கி வந்தாராம், ரயிலில் ஒரு காவலர் பையைச் சோதித்துப் பிடுங்கிக்கொண்டார். “எங்க அப்பாவுக்கு முடி வெட்டறதுக்கு” என்று தனக்குத் தெரிந்த இந்தியில் உண்மையைச் சொல்லியிருக்கிறார். அதற்கப்புறம் இறங்கும் ஊர் வரைக்கும் காவலர் பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்து வந்தாராம்.

வாட்ச்மேனின் கொடுவாளை வாங்கிக்கொண்டு பின்னால் போனார். தோள் மட்டத்தில், சாய்வாக, ஒரே வெட்டு. பட்டை கிழியவில்லை. இலையைக் கழித்து எலுமிச்சையைச் சுற்றிப் போட்டார். பெயர்ப்பலகையைத் துண்டால் துடைத்தார். மொத்தம் எட்டு நிமிடம் ஆகியிருக்கும்.

கை கழுவிவிட்டு டீ குடித்தார். மாலை ரயிலுக்கே திரும்பப் போவதாகச் சொன்னபோது எனக்குத் தலை சுற்றியது.

“உங்களுக்குப் பைத்தியமா தம்பி? எட்டு நிமிச வேலைக்கா இத்தன தூரம்? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாங்களே வெட்டியிருக்க மாட்டமா?”

டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

“போன தடவ எனக்கோசரம் ஐயன ஒரு நாளு வெச்சுக்கிட்டுக் காத்திருந்தாங்க டீச்சர். நான் வந்து சேருல” என்றார். “இப்பக் கூப்புட்டீங்க. வந்துட்டன்.”